மருத்துவ இயற்பியல் மேற்படிப்பு: எந்த நாட்டில் வேலை என்பதிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி இதுதான்: இயற்பியலில் இளங்கலை முடிக்கப்போகிற ஒருவர் வெளிநாட்டில் மருத்துவ இயற்பியல், அதாவது நோயாளிக்குச் செலுத்தும் கதிர்வீச்சைக் கணக்கிட்டு அளக்கும் துறையில், முதுகலை படிக்க விரும்புகிறார். இரண்டு இடங்களில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று உலகத் தரவரிசையில் முன்னால் நிற்கும் ஐரோப்பியப் பல்கலைக்கழகம், ஒரு வருடப் படிப்பு. இன்னொன்று அமெரிக்காவில், அதிகம் பேர் கேள்விப்படாத பல்கலைக்கழகம், இரண்டு வருடப் படிப்பு, ஆனால் மருத்துவ இயற்பியல் படிப்புகளையும் பயிற்சிகளையும் அங்கீகரிக்கும் கேம்பெப் என்ற அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறது. "அமெரிக்க மருத்துவமனையில் வேலை பார்க்கத்தான் ஆசை. பெரிய பெயரை விட்டுவிட்டுச் சின்னப் பெயரை எடுப்பது முட்டாள்தனமா?" என்று கேட்கிறார்.

முட்டாள்தனமே இல்லை. நான் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன், ரெசிடென்சிக்கு, அதாவது பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனைக்குள் செய்யும் பயிற்சிக்கு, விண்ணப்பிக்கிறவர்களின் நேர்காணல்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். நன்றாகப் படித்த, கெட்டிக்காரப் பிள்ளைகள் தவறான படிப்பில் சேர்ந்துவிட்டு அப்புறம் கதவுகள் ஒவ்வொன்றாக மூடுவதைப் பார்த்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன், அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மற்றத் துறைகளில் பட்டம் வாங்கினால் வேலைக்குப் போகலாம். இங்கே பட்டம் மூன்று படிகளில் முதல் படி. இரண்டாவது, மருத்துவமனைக்குள் மேற்பார்வையில் செய்யும் பயிற்சி. மூன்றாவது, தேர்வெழுதி வாங்கும் சான்றிதழ் அல்லது பதிவு. இந்த இரண்டாவதும் மூன்றாவதும் நாட்டுக்கு நாடு வேறு, ஒரு நாட்டின் படி இன்னொரு நாட்டின் படியோடு பெரும்பாலும் பொருந்தாது. ஆகவே "எந்தப் பல்கலைக்கழகம்" என்று தொடங்காமல், "எந்த நாட்டில் வேலை, அங்கே சான்றிதழ் கொடுப்பது யார், அவர்கள் எந்தப் பயிற்சியைக் கேட்கிறார்கள், அந்தப் பயிற்சிக்குள் நுழைய எந்தப் பட்டம் வேண்டும்" என்று பின்னாலிருந்து வர வேண்டும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று தோன்றலாம். பிரான்சில் எபினால் என்ற ஊரின் மருத்துவமனையில் 2004, 2005 ஆண்டுகளில் நடந்ததைப் படித்துப் பாருங்கள். கதிர்க்கற்றையை ஒரு பக்கமாகக் குறைக்கும் வெட்ஜில், சிகிச்சைத் திட்டமிடும் மென்பொருளில் நிலையான வெட்ஜ், டைனமிக் வெட்ஜ் என்று இரண்டு வகை உண்டு. ஒன்றுக்குப் போட வேண்டிய கணக்கை இன்னொன்றுக்குப் போட்டதில், புரோஸ்டேட் புற்றுநோய்க்கு வந்த 20-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு போய்ச் சேர்ந்தது, சிலர் இறந்தும் போனார்கள். மென்பொருளைப் பயன்படுத்தியவர்களுக்கு அவர்கள் மொழியில் கையேடுகூட இல்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. இந்த வேலையில் ஒரு பொத்தானின் பொருள் புரியாமல் இருந்தால் அதன் விலையைக் கொடுப்பவர் மேசையில் படுத்திருக்கும் நோயாளி. பட்டத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் பயிற்சியும் வேண்டும் என்று பல நாடுகள் நிற்பதற்குக் காரணம் இதுதான். சர்வதேச அணுசக்தி முகமையின் வழிகாட்டுதலும் முதுகலைப் படிப்புக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு முறையான மருத்துவமனைப் பயிற்சி என்றுதான் சொல்கிறது.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம், உங்கள் ஆசை அங்கேதான் இருக்கிறது. அங்கே சான்றிதழ் கொடுக்கும் முக்கிய அமைப்பு ஏபிஆர், அதாவது அமெரிக்கன் போர்டு ஆஃப் ரேடியாலஜி. தேர்வு மூன்று பாகம், மூன்றாவது வாய்மொழித் தேர்வு. 2012 முதல், முதல் பாகம் எழுத வேண்டுமென்றால் கேம்பெப் அங்கீகரித்த படிப்பில் இருக்க வேண்டும் அல்லது முடித்திருக்க வேண்டும். 2014-இலிருந்து ரெசிடென்சியும் கேம்பெப் அங்கீகாரம் உள்ளதாக இருக்க வேண்டும். கேம்பெப் அங்கீகரிக்கும் படிப்புகளில் மிகப் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் கனடாவிலும்தான். உங்கள் ஐரோப்பியப் பல்கலைக்கழகம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அந்த ஒரு வருடமும் பணமும் இந்த வழிக்கு உதவாது. நியூயார்க், டெக்சாஸ், ஃப்ளோரிடா, ஹவாய் மாநிலங்களில் இதற்குத் தனி உரிமமே வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேம்பெப் இணையதளத்தில் பட்டியலைப் பார்க்கும்போது பெயர் மட்டும் பார்க்காதீர்கள், முதுகலை, முனைவர், சான்றிதழ்ப் படிப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக அங்கீகரிக்கப்படுகிறது. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒன்றுக்கு இருக்கும், மற்றதற்கு இருக்காது. "விண்ணப்பித்திருக்கிறோம், சீக்கிரம் கிடைத்துவிடும்" என்று சொல்லும் இடங்களை நான் நம்ப மாட்டேன், உங்களையும் நம்பச் சொல்ல மாட்டேன்.

அங்கீகாரம் இருப்பது நுழைவதற்கான தகுதி மட்டும்தான். உண்மையான வடிகட்டல் ரெசிடென்சியில் நடக்கிறது. இடங்களைவிட விண்ணப்பிக்கிறவர்கள் அதிகம். 2015-இலிருந்து மருத்துவர்களுக்கு இருப்பதைப் போலவே இதற்கும் ஒரு 'மேட்ச்' இருக்கிறது: நீங்கள் இடங்களை வரிசைப்படுத்துவீர்கள், அவர்கள் உங்களை வரிசைப்படுத்துவார்கள், கணினி பொருத்திச் சொல்லும். ஆகவே ஒரு முதுகலைப் படிப்பின் தரம் என்று நான் பார்ப்பது ஒன்றைத்தான், அங்கே சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ரெசிடென்சிக்குள் போனார்கள்.

நல்ல செய்தி, இதை யாரிடமும் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு படிப்பும் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கொடுத்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், முடித்தவர்கள் எங்கே போனார்கள் என்ற கணக்கைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது கேம்பெப்பின் விதி. அந்தப் பக்கம் பெரும்பாலும் ஏதாவது ஒரு மூலையில் இருக்கும், தேடி எடுங்கள். படிக்கும்போது கவனம் வேண்டும். நாலு பேர் முடித்த வருடத்தில் மூன்று பேருக்கு ரெசிடென்சி கிடைத்தால் 75 சதவீதம் என்று அழகாகத் தெரியும், அடுத்த வருடம் அதே நாலு பேரில் இன்னும் ஒருவர் கூடுதலாகச் சறுக்கினால் 50 ஆகிவிடும். அதனால் ஐந்து வருடத்தைக் கூட்டிப் பாருங்கள். முதுகலை முடித்தவர்களையும் முனைவர் பட்டம் முடித்தவர்களையும் சேர்த்துக் காட்டியிருந்தால் பிரித்துக் கேளுங்கள். "மற்றவை", "தகவல் இல்லை" என்ற வரிசையில் ஆள் அதிகம் இருந்தால் அது எனக்குப் பிடிக்காத அறிகுறி. தொழில் நிறுவனத்துக்கோ முனைவர் படிப்புக்கோ போனவர்களைத் தோல்வியாக எண்ண வேண்டாம், பலர் விரும்பித்தான் போகிறார்கள்.

அடுத்து, யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு விஷயம், கால அட்டவணை. இரண்டு வருட முதுகலையை ஆகஸ்டில் தொடங்குகிறீர்கள். ரெசிடென்சி பெரும்பாலும் ஜூலையில் தொடங்கும், ஆனால் அதற்கான விண்ணப்பங்கள் முந்தைய டிசம்பரை ஒட்டிப் போய்விட வேண்டும், நேர்காணல்கள் ஜனவரி, பிப்ரவரியில். அப்படியானால் நீங்கள் விண்ணப்பிக்கும்போது படிக்கத் தொடங்கி ஒன்றரை வருடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் உங்களை மருத்துவமனையில் பார்த்துப் பழகிய, உங்கள் வேலையைப் பற்றி உருப்படியாக ஒரு பக்கம் எழுதக்கூடிய இயற்பியலாளர் ஒருவராவது வேண்டும். "என் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினார்" என்ற கடிதங்கள் நேர்காணல் குழுவின் கையில் கட்டுக் கட்டாக வரும், யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. "மூன்று மாதம் எங்களோடு சாயங்காலங்களில் நின்று சிகிச்சைத் திட்டங்களை (பிளான்) சரிபார்த்தார், ஒருநாள் அளவீடு இடித்தபோது டிடெக்டர் ஒரு சென்டிமீட்டர் தள்ளி இருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார்" என்று எழுதியிருந்தால் அந்த ஆளை நாங்கள் கட்டாயம் கூப்பிடுவோம்.

ஆகவே முதல் வருடத்திலேயே மாணவர்களை மருத்துவமனைக்குள் விடுகிறார்களா என்று கேளுங்கள். பாடம் நடக்கும் கட்டிடத்துக்கும் கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரமான லினாக் இருக்கும் கட்டிடத்துக்கும் எவ்வளவு தூரம் என்றுகூடக் கேளுங்கள், நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. நோயாளிகள் போன பிறகு சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்குத்தான் இயந்திரம் மாணவர்களுக்குக் கிடைக்கும். கதிர்க்கற்றையின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றிச் செலுத்தும் ஐஎம்ஆர்டி முறையின் பிளானை டிடெக்டர் அடுக்கின் மேல் செலுத்தி, கணக்கிட்ட டோஸும் (கதிர்வீச்சு அளவும்) அளந்த டோஸும் 3 சதவீதம், 2 மில்லிமீட்டர் எல்லைக்குள் எத்தனை புள்ளிகளில் ஒத்துப்போகிறது என்று பார்ப்பார்கள், 95 சதவீதம் தாண்ட வேண்டும். இதை ஐம்பது தடவை கையால் செய்தவருக்கும் புத்தகத்தில் படித்தவருக்கும் உள்ள வித்தியாசம் நேர்காணலில் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். 93 வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் போதும். செய்து பழகியவர் முதலில் டிடெக்டர் சரியாக வைக்கப்பட்டிருக்கிறதா, அன்றைக்கு இயந்திரத்தின் அவுட்புட் (வெளிவரும் கதிர்வீச்சின் அளவு) எவ்வளவு என்று கேட்பார், மற்றவர் இந்த ஒப்பீட்டுக்கான எண்ணான காமா இண்டெக்ஸின் வரையறையை ஒப்பிப்பார்.

ஏபிஆர் முதல் பாகத்தைப் படிக்கும்போதே எழுதலாம். எந்தப் படிப்பில் மாணவர்களை அதற்குத் தயார் செய்கிறார்களோ அது எனக்கு ஒரு படி மேல்.

விசா விஷயத்தைத் தயவுசெய்து கடைசிக்குத் தள்ளாதீர்கள். அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்குப் படிப்பு முடிந்ததும் ஓபிடி என்று 12 மாதம் வேலை பார்க்க அனுமதி உண்டு, படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். ரெசிடென்சி இரண்டு வருடம். கணக்குப் போட்டுப் பாருங்கள், 12 மாதத்துக்குள் அது அடங்காது, 36-க்குள் அடங்கும். ஒரு படிப்பு ஸ்டெம்மா இல்லையா என்பதை முடிவு செய்வது அந்தப் பல்கலைக்கழகம் அதற்குக் கொடுத்திருக்கும் சிஐபி என்ற வகைப்பாட்டு எண். படிப்பின் பெயர் ஒன்றாக இருந்தாலும் பல்கலைக்கழகங்கள் வெவ்வேறு எண்ணில் பதிவு செய்கின்றன. சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, எண் என்ன, அது ஸ்டெம் பட்டியலில் உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு, ரெசிடென்சி நடத்தும் மருத்துவமனைகளில் சில வெளிநாட்டு விண்ணப்பதாரருக்கு விசா ஆதரவு தருவதே இல்லை. அந்தப் படிப்பில் முன்பு படித்த வெளிநாட்டு மாணவர்களுக்கு என்ன ஆனது என்று தனியாகக் கேளுங்கள், மொத்தக் கணக்கில் அது தெரியாது.

பணம். அமெரிக்காவில் முதுகலைக்குப் பெரும்பாலும் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். முனைவர் படிப்புக்குப் பொதுவாகக் கட்டண விலக்கும் உதவித்தொகையும் கிடைக்கும். டிஎம்பி என்று ஒரு தொழில்முறை முனைவர் படிப்பும் உண்டு, அதில் மருத்துவமனைப் பயிற்சியும் உள்ளேயே சேர்ந்திருக்கும், ரெசிடென்சிக்குத் தனியாகப் போட்டியிட வேண்டாம், ஆனால் ரெசிடென்ட் சம்பளம் வாங்கும் அந்த வருடங்களுக்கு நீங்கள் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். கட்டணத்துக்குப் பயந்து ஆராய்ச்சியில் ஆர்வமில்லாமல் முனைவர் படிப்புக்குள் போகாதீர்கள் என்பது என் கருத்து. ஐந்து வருடம் பிடிக்காத வேலையைச் செய்வது கடனைவிடக் கனமானது. ஆராய்ச்சி பிடிக்குமென்றால் நிலைமையே வேறு: விஸ்கான்சின்-மேடிசன், ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தோடு சேர்ந்து நடக்கும் படிப்பு, டியூக், கனடாவில் மெக்கில் எல்லாம் இந்தத் துறையில் நெடுநாள் பெயர் பெற்ற இடங்கள், பொதுத் தரவரிசைக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. ஏற்கெனவே இயற்பியலில் முனைவர் பட்டம் வைத்திருப்பவர்கள் மறுபடியும் முதுகலை படிக்க வேண்டியதில்லை. கேம்பெப் அங்கீகரித்த சான்றிதழ்ப் படிப்பில் ஆறு அடிப்படைப் பாடங்களை முடித்தால் ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கலாம்.

இயற்பியல் படிக்காமல் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் போன்றவற்றிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கேம்பெப் படிப்புகளில் சேர இளங்கலையில் இயற்பியல் அல்லது அதற்கு இணையானது வேண்டும், குறைந்தது மூன்று மேல்நிலை இயற்பியல் பாடங்கள் இருக்க வேண்டும். குவாண்டம், மின்காந்தவியல், அணுக்கரு இயற்பியல் மாதிரி. இல்லையென்றால் இப்போதே படித்து முடித்துவிடுங்கள்.

கனடாவுக்கும் கேம்பெப்தான், ஆனால் சான்றிதழ் கொடுப்பது சிசிபிஎம் என்ற வேறு அமைப்பு. அங்கே ஆராய்ச்சி முதுகலைக்கே பல இடங்களில் உதவித்தொகை கிடைக்கும் என்பது பெரிய ஆறுதல். ரெசிடென்சி இடங்கள் குறைவு, குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர்களுக்கு முன்னுரிமை கொடுப்பார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு வருட ஐரோப்பியப் படிப்பை நீங்கள் இன்னும் முழுதாகக் கைவிடவில்லை என்று தெரிகிறது.

பிரிட்டனில் 'கிளினிக்கல் சயின்டிஸ்ட்' என்பது சட்டம் காக்கும் பெயர், எச்சிபிசி என்ற ஒழுங்குமுறை அமைப்பின் பதிவு இல்லாமல் போட்டுக்கொள்ள முடியாது. அந்தப் பதிவுக்கான வழக்கமான வழி எஸ்டிபி என்ற மூன்று வருடப் பயிற்சி. அது ஒரு வேலை: சம்பளம் கொடுத்து, முதுகலையையும் அவர்களே படிக்க வைப்பார்கள். ஆகவே சொந்தக் காசில் ஒரு வருட முதுகலை முடித்தால் பதிவு வந்துவிடும் என்று நினைத்துப் போகிறவர்கள் அங்கே இறங்கிய பிறகுதான் அது வேறு வரிசை என்று தெரிந்துகொள்கிறார்கள். ஐபிஇஎம் என்ற தொழில் அமைப்பின் அங்கீகாரம் உள்ள முதுகலை நல்ல படிப்பு, எஸ்டிபி போட்டியில் கைகொடுக்கும், ஆனால் அதற்குப் பதிலாகாது.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் ஏசிபிஎஸ்இஎம் என்ற தொழில் அமைப்பு அங்கீகரித்த முதுகலை முடித்து, மருத்துவமனையில் சம்பளத்தோடு ரெஜிஸ்ட்ராராகச் சேர்ந்து டீப் என்ற பயிற்சித் திட்டத்தை முடிக்க வேண்டும். அங்கேயும் இறுகுவது அந்த ரெஜிஸ்ட்ரார் இடத்தில்தான்.

ஜெர்மனியில் படிக்கச் செலவு குறைவு, பல அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணமே இல்லை, ஆனால் ஹைடல்பெர்க் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் பருவத்துக்கு 1500 யூரோ கட்ட வேண்டும். பாடத்தை ஆங்கிலத்தில் படித்துவிடலாம். வார்டில், கண்ட்ரோல் ரூமில், பதிவேட்டில் எல்லாம் ஜெர்மன்தான், ஆகவே மொழியை முதல் நாளிலிருந்தே படியுங்கள். எபினாலை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள்.

படித்துவிட்டுச் சொந்த நாட்டுக்குத் திரும்புவதுதான் திட்டம் என்பவர்கள் இத்தாலியின் டிரியெஸ்டேயைப் பார்க்காமல் விடக்கூடாது. ஐசிடிபி என்ற சர்வதேச இயற்பியல் மையமும் டிரியெஸ்டே பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் இரண்டு வருட முதுகலை, முதல் வருடம் பாடம், இரண்டாம் வருடம் முழுக்க மருத்துவமனை. ஆங்கிலத்தில் நடக்கிறது, வளரும் நாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு, கிடைப்பது கடினம் என்றாலும் முயன்று பார்க்க வேண்டிய இடம். திரும்பப் போகிறவர்கள் எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் அதற்கு முன் தங்கள் நாட்டின் கதிர்வீச்சு ஒழுங்குமுறை அமைப்புக்கு எழுதி, இந்தப் பட்டத்தையும் பயிற்சியையும் ஏற்பீர்களா என்று கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ள வேண்டும்.

நாடு மாறினால் வேலையும் கொஞ்சம் மாறும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். லினாக்கின் அவுட்புட்டைத் தண்ணீர்த் தொட்டியில் அயன் சேம்பர் என்ற கதிர்வீச்சு அளக்கும் கருவியை வைத்து அளக்கும்போது, சேம்பருக்குள் இருக்கும் காற்றின் வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் திருத்தம் போடுவோம். வட அமெரிக்காவில் பின்பற்றும் டிஜி-51 முறையில் அடிப்படை வெப்பநிலை 22 டிகிரி. உலகின் பல நாடுகள் பின்பற்றும் டிஆர்எஸ்-398 முறையில் பொதுவாக 20. இரண்டு டிகிரிதானே என்று ஒன்றின் சேம்பர் அளவுத்திருத்தக் காரணியை மற்றதன் சூத்திரத்தில் போட்டால் டோஸ் சுமார் 0.7 சதவீதம் தப்பாகிவிடும், அன்று முதல் அந்த இயந்திரத்தில் படுக்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் அந்தத் தப்பு போகும். ஒரு புதுப் பயிற்சியாளர் சரியாக இந்த இடத்தில் தடுமாறியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் கெட்டிக்காரர்தான், கணக்கும் சரியாகத்தான் போட்டார், படித்த நாட்டின் எண் கையில் ஊறியிருந்தது, அவ்வளவுதான். வேலை பார்க்கப் போகும் நாட்டிலேயே பயிற்சி எடுங்கள் என்று நான் சொல்வதில் இதுவும் ஒரு காரணம்.

புரோட்டான் சிகிச்சை இருக்கிறது, எம்ஆர்ஐ ஸ்கேனோடு இணைந்த எம்ஆர்-லினாக் இருக்கிறது என்று விளம்பரம் பார்த்து மயங்க வேண்டாம். நன்றாக ஓடும் இரண்டு சாதாரண லினாக்கும், உடலுக்குள் கதிர்வீச்சு மூலத்தை வைத்துச் செய்யும் பிராக்கிதெரபிக்கு ஓர் அறையும், கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்லும் இயற்பியலாளர்களும் இருந்தால் முதுகலைக்கு அது தாராளம்.

உங்கள் இரண்டு இடங்களுக்கு வருகிறேன். ஐரோப்பியப் படிப்புக்கு ஒரே கேள்வி எழுதுங்கள்: உங்கள் படிப்புக்குக் கேம்பெப் அங்கீகாரம் உண்டா? இல்லை என்று வந்தால், அமெரிக்கா என்ற உங்கள் திட்டத்துக்கு அது முடிந்தது. அமெரிக்கப் படிப்பின் வெளியீட்டுப் பக்கத்தை எடுத்து ஐந்து வருடத்தைக் கூட்டுங்கள், சிஐபி எண்ணைக் கேளுங்கள், இப்போது இரண்டாம் வருடம் படிக்கும் இரண்டு மாணவர்களின் மின்னஞ்சலைத் துறையிடம் கேட்டு வாங்குங்கள். அவர்களிடம், முதல் தடவை தனியாக அயன் சேம்பரைக் கையில் எடுத்தது எந்த மாதம், பரிந்துரைக் கடிதம் எழுதியவர்களில் எத்தனை பேர் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவர்கள், இந்த வருடம் மேட்ச் ஆகாதவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று மூன்றையும் கேளுங்கள். மாணவர்களின் தொடர்பைக் கொடுக்கத் துறை தயங்கினால் எனக்கு அது போதும், நான் வேறு இடம் தேடுவேன். கொடுத்து, பதில்களும் தெம்பாக இருந்தால் அங்கேயே சேருங்கள். அதுவரை இரண்டு இடத்துக்கும் முன்பணம் கட்ட வேண்டாம், கடைசித் தேதி நெருங்கினால் ஒரு வாரம் அவகாசம் கேட்டு எழுதுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள்.